இரண்டாவது படத்துக்கு யார் துணை?

ஆண்டுதோறும் நவராத்திரி நெருங்கும்போது பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி யானைமேல் புறப்படுகிறாள். சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் வேளிமலைக் குமாரசுவாமியும் கூடவே வருகிறார்கள். குழித்துறையில் ஓர் இரவு தங்கல். மறுநாள் களியக்காவிளையில் தமிழ்நாட்டுக் காவல்துறை விடைகொடுக்க, கேரளக் காவல்துறை அணிவகுத்து நின்று வரவேற்கிறது. பாறசாலை, அமரவிளை என்று சாலை நெடுக வீட்டு வாசல்களில் குத்துவிளக்கேற்றிக் காத்து நிற்கிறார்கள். அன்றிரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில், அடுத்த நாள் திருவனந்தபுரம். அங்கே நவராத்திரி மண்டபத்தில் அவள் முன்னிலையில் ஒன்பது நாள் கச்சேரி நடக்கும். கல்விக்கும் இசைக்கும் உரிய தெய்வம் பெண். ஆனால் அவள் முன்னால் பாடுவதற்குப் பெண்களுக்கு 2006 வரை இடம் இல்லை. அந்த ஆண்டு முதன்முதலாக அங்கே அமர்ந்து பாடிய பெண், இந்த ஊர்வலம் கடந்து போகும் பாறசாலையில் 1924-இல் பிறந்த பொன்னம்மாள். அப்போது அவருக்கு வயது 81.

பொன்னம்மாள் பக்தியைப் பாடியே வாழ்ந்தவர். சுவாதித் திருநாள் இசைக்கல்லூரியில் படித்த முதல் மாணவி. திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வர். 2017-இல் பத்மஸ்ரீ வந்தது. 2021-இல் 96 வயதில் மறைந்தார். தள்ளாத வயதில் மண்டபத்தின் கதவு திறந்ததை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அத்தனை காலம் அவரால் எப்படிக் காத்திருக்க முடிந்தது என்று கேட்பதில்லை. இளவயதிலேயே பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை, பிறகு கல்லூரியில் விரிவுரையாளர், அதற்கும் பிறகு முதல்வர் என்று மாதாமாதம் சம்பளம் வந்துகொண்டிருந்தது. ஒரு கதவு மூடியிருந்த காலத்திலும் கலை கைவிட்டுப் போகாமல் காத்தது அந்தச் சம்பளம். பாட்டுக்கு ஒரு தம்புராவும் ஒரு தொண்டையும் போதும், வீட்டுக் கூடத்தில் விடியற்காலையில் உட்கார்ந்து சாதகம் செய்யலாம். சினிமாவுக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் கேமரா, ஆட்கள், சாப்பாடு, வண்டி, எடிட்டிங், ஒலிச்சேர்க்கை என்று புதிதாகப் பணம் புரட்ட வேண்டும். படம் எடுக்காத இயக்குநர் ஐந்து ஆண்டில் மறக்கப்படுவார், பத்து ஆண்டில் தன் கையையே மறந்துவிடுவார்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைக் கிராமங்களில் இன்று படம் எடுக்கத் தெரிந்த பெண்களுக்குப் பஞ்சமில்லை. பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் பாட்டை மொபைலில் எடுத்து வெட்டி ஒட்டி வெளியிடுவதும், கோயில் உற்சவத்தைப் பதிவுசெய்து பின்னணி இசை சேர்ப்பதும் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கைவந்த வேலை. அவர்களில் ஒருத்தி தன் இறைநம்பிக்கையை விட்டுக்கொடுக்காமல், பெரிய கம்பெனி எதையும் அண்டாமல், சொந்தமாகப் படமெடுத்தே வாழ விரும்பினால் அவளுக்கு வழி உண்டா? முதல் படத்தை எப்படியாவது எடுத்துவிடலாம். நகையை அடகு வைக்கலாம், மாமன் மகனின் கேமராவை இரவல் வாங்கலாம், நண்பர்கள் கூலி இல்லாமல் வேலை செய்வார்கள். இரண்டாவது படத்துக்கு இவற்றில் எதுவும் எடுபடாது. அடகு வைத்த நகை வட்டிக் கடையில் இருக்கும், நண்பர்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். எனவே அவளுடைய தொழில் வாழ்க்கை இரண்டாவது படத்தில்தான் தொடங்குகிறது. அந்த இரண்டாவது படத்தைத் தரக்கூடியவர்கள் இந்த ஊர்களின் பெருநாள் கமிட்டிகளும் உற்சவக் கமிட்டிகளும்தான் என்பது என் உறுதியான எண்ணம். நன்கொடை கொடுத்துவிட்டு உத்தரவு போடும் புரவலராக அவர்கள் வர வேண்டாம். காசு கொடுத்துப் படம் பார்க்கும் ரசிகர்களாக வந்தால் போதும்.

மலையாள சினிமாவின் முதல் படமே இந்தப் பாடத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்தில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். நெய்யாற்றின்கரைக்காரர்கள் தம் ஊர்க்காரராகவே அவரைக் கொண்டாடுகிறார்கள். சொத்தை விற்று, திருவனந்தபுரம் பட்டத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற ஸ்டுடியோவைத் தொடங்கி, 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். படம் வெளியானது 1928 என்று சிலரும் 1930 என்று சிலரும் கணக்கிடுகிறார்கள். கதாநாயகி பி.கே. ரோசி, புலையர் சமூகத்துப் பெண், காக்காரிசி நாடகத்தில் ஆடியவர். படத்தில் அவர் நாயர் குலப் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரம் கேபிடல் அரங்கில் ஒரு தலித் பெண்ணை அந்த வேடத்தில் திரையில் கண்டவர்கள் கல்லெறிந்தார்கள், திரையைக் கிழித்தார்கள். அவருடைய வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது என்றும், லாரியில் ஏறித் தமிழ்நாட்டுப் பக்கம் தப்பினார் என்றும், நாகர்கோவிலில் வேறு பெயரோடு வாழ்ந்து முடித்தார் என்றும் அவரது வாழ்க்கையைத் தேடியவர்கள் எழுதியிருக்கிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு அன்றும் இன்றும் பெருவழி நெய்யாற்றின்கரையும் பாறசாலையும்தான். சரஸ்வதி யானைமேல் வரும் சாலையில் எதிர்த்திசையில் ஒரு நடிகை உயிருக்குப் பயந்து போயிருக்கிறாள். ரோசி இன்னொரு படத்தில் நடிக்கவில்லை, டேனியலும் இன்னொரு படம் எடுக்கவில்லை. கடனில் மூழ்கிய அவர் பிறகு பல் மருத்துவரானார். 1975-இல் இறந்தார். அவர் பெயரில் கேரள அரசு 1992-இல் விருது நிறுவியது. ரோசியின் முகத்தைக் கூகுள் தன் முகப்பில் வைத்தது 2023 பிப்ரவரி 10-இல். இவையெல்லாம் நல்ல காரியங்கள்தாம். ஆனால் அன்று அந்த அரங்கில் டிக்கெட் எடுத்து அமைதியாக உட்கார்ந்து படம் பார்க்க முன்னூறு பேர் இருந்திருந்தால், ரோசிக்கும் டேனியலுக்கும் விருது தேவைப்பட்டிருக்காது, அடுத்த படம் வந்திருக்கும்.

சமயப் படம் என்றதும் அது சினிமாவின் ஓர் ஓரத்தில் கிடக்கும் சின்ன வகை என்று நினைப்பவர்கள் உண்டு. சினிமா இந்த மண்ணுக்குள் நுழைந்த வாசலே அதுதான். ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் திருச்சிக்கு வந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்து அவர் காட்டியவற்றில் இயேசுவின் வாழ்க்கையும் ஒன்று. பம்பாயில் கிறிஸ்துவின் வாழ்க்கைப் படத்தைப் பார்த்த பால்கே, இப்படி நம் கிருஷ்ணனையும் ராமனையும் எப்போது திரையில் காண்போம் என்று ஏங்கித்தான் 'ராஜா ஹரிச்சந்திரா'வை 1913-இல் கொண்டுவந்தார். அதற்கு முன்பே பிரான்சில் ஆலிஸ் கீ என்ற பெண், கோமோன் நிறுவனத்துக்காக 1906-இல் கிறிஸ்துவின் பிறப்பையும் வாழ்வையும் மரணத்தையும் 25 காட்சிகளாக, சுமார் 300 துணை நடிகர்களோடு படமாக்கியிருந்தார். உலகின் முதல் பெண் இயக்குநர் எடுத்த பெரிய படமே சமயப் படம்தான். ஆனால் பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் அந்தப் படத்தை அவருக்கு உதவியாளராக இருந்த ஆண் ஒருவரின் பெயரில் எழுதிவைத்தார்கள். தான் எடுத்த படங்கள் தன்னுடையவைதாம் என்று முதுமையில் அவரே மன்றாடி நிரூபிக்க வேண்டியிருந்தது. பால்கேயின் மனைவி சரஸ்வதிபாய் நகையைக் கொடுத்தார், படச்சுருளைக் கழுவினார், படக்குழு முழுவதற்கும் சமைத்துப் போட்டார். திரையில் அவர் பெயர் இல்லை.

பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. சினிமா பிறந்து நூறு ஆண்டு ஆனதையொட்டி 1995-இல் வத்திக்கான் 45 படங்களைத் தேர்ந்து ஒரு பட்டியல் வெளியிட்டது. தேர்வு நல்ல தேர்வுதான், தார்க்கோவ்ஸ்கி இருக்கிறார், டிரையர் இருக்கிறார், பசோலினியும் இருக்கிறார். பெண் இயக்கிய படம் அதில் ஒன்றே ஒன்று, புனித பிரான்சிஸைப் பற்றி லிலியானா கவானி 1989-இல் எடுத்த 'பிரான்செஸ்கோ'. நம் பக்கத்துக்கு வந்தால், இந்தூர் அருகே 1995-இல் குத்திக் கொல்லப்பட்ட கேரளக் கன்னியர் ராணி மரியாவின் வாழ்க்கையைச் சொல்லும் 'தி பேஸ் ஆப் தி பேஸ்லெஸ்' 2023-இல் வந்தது. தயாரித்தவர் சாண்ட்ரா டிசூசா ராணா என்ற பெண், இயக்கியவர் ஆண். இதில் அந்த இயக்குநரைக் குறைசொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கோயிலிலும் சபையிலும் நோன்பிலும் பெண்கள்தான் பாதிக்கு மேல் நிற்கிறார்கள் என்பதை எல்லோரும் அறிவார்கள். அவர்களுடைய நம்பிக்கையை அவர்களில் ஒருத்தி சொல்லும்போது வேறொரு கதை வெளிப்படும். நட்டாலத்து தேவசகாயம் பிள்ளை 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டதையும் 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டதையும் இங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அவருடைய மனைவி பார்கவி, திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனவர், பிறந்த வீடு, உறவு, ஊர் எல்லாவற்றையும் விட்டு வடக்கன்குளம் போய் அங்கேயே வாழ்ந்து இறந்தார். கணவனின் சங்கிலியை எல்லோரும் வரைந்துவிட்டார்கள். தனியாக ஒரு புது ஊரில் அடுப்பு மூட்டிய அந்த முதல் நாள் காலையை யாரும் வரையவில்லை. அதை எடுக்கப்போகிறவள் பெரும்பாலும் அப்படி ஓர் அடுப்பை அறிந்தவளாகத்தான் இருப்பாள்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். கேரளத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்காகத் தனித் திட்டம் வைத்து, ஒரு படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை கொடுத்து வருகிறது. தாரா ராமானுஜனின் 'நிஷித்தோ', மினி ஐ.ஜி.யின் 'டைவோர்ஸ்', ஸ்ருதி சரண்யத்தின் 'பி 32 முதல் 44 வரை', இந்து லட்சுமியின் 'நிள', சிவரஞ்சினியின் 'விக்டோரியா' எல்லாம் அந்த வழியில் வந்தவை. இந்தியாவில் வேறு மாநிலங்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆயினும் இது முதல் அடி எடுத்து வைக்க உதவும் கை, தொடர்ந்து நடப்பதற்கு அது போதாது. ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க படங்களுக்கே இடம், விண்ணப்பிப்பவர்களோ ஏராளம். எல்லைக் கிராமத்துப் பெண்ணுக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டுக்குப் போயின, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு விழுந்ததே தவிரப் பேச்சு பிரியவில்லை. தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் புரளும் இந்தப் பேச்சில் படம் எடுத்தால், கேரள அரசின் விருது மலையாளப் படத்துக்கு, தமிழ்நாட்டு அரசின் விருது தமிழ்ப் படத்துக்கு என்று இரண்டு பக்கமும் தள்ளிவிடும் அபாயம் இருக்கிறது. தலைநகரங்கள் இரண்டுக்கும் புரியாத பேச்சு இந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே புரியும். அதனால்தான் அவளுடைய முதல் ரசிகர்கள் இங்கேயே இருக்கிறார்கள் என்கிறேன்.

இந்த ஊர்களிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு பெருநாள் நோட்டீஸைக் கையில் எடுத்து விரித்தால் போதும். மேலே புனிதரின் படம், கீழே கொடியேற்று, நவநாள், தேர்ப்பவனி என்று நாள்வாரி விவரம், இன்ன நாள் இரவு நாடகம், இன்ன நாள் இரவு கானமேளா, கடைசியில் வாணவேடிக்கை. பின்பக்கம் முழுவதும் நகைக்கடை, பர்னிச்சர் கடை, பந்தல்காரர் விளம்பரம். பக்கத்து உற்சவ நோட்டீஸில் தாலப்பொலியும் பாலேயும் மிமிக்ரியும் இருக்கும், மற்றபடி அமைப்பு ஒன்றுதான். நெய்யாற்றின்கரை லத்தீன் மறைமாவட்டம் 1996-இல் உருவானது, பாறசாலை மலங்கரை மறைமாவட்டம் 2017-இல் வந்தது, லண்டன் மிஷன் காலத்திலிருந்து வரும் தென்னிந்தியத் திருச்சபைச் சபைகள் தெருவுக்குத் தெரு, அருவிப்புறத்தில் நாராயண குரு 1888-இல் வைத்த சிவலிங்கம் ஒரு பக்கம், செங்கல் என்ற ஊரில் 111 அடி உயரச் சிவலிங்கம் இன்னொரு பக்கம். இத்தனைக்கும் ஆண்டு விழா உண்டு, கமிட்டி உண்டு, மேடை உண்டு, மைக் செட் உண்டு, இரவில் கலை நிகழ்ச்சிக்கென்று ஒதுக்கிய தொகை உண்டு. நாடகக் குழுக்கள் இந்தப் பருவத்தை நம்பித்தான் பிழைக்கின்றன. ஓரிரவுக்கு இவ்வளவு என்று பேசி, முன்பணம் வாங்கி, மகரத்திலிருந்து மேடம் வரை ஒரு நாடகத்தையே எத்தனையோ மேடைகளில் போடுகிறார்கள். படத்தையும் அதே போல ஓரிரவுக்கு இவ்வளவு என்று புக் செய்ய எந்த விதியும் தடுக்கவில்லை. ஒரு திரை, நல்ல புரொஜெக்டர், ஏற்கெனவே இருக்கும் ஒலிபெருக்கி, இவ்வளவுதான் தேவை.

பெண்கள் சிறுகச் சேர்த்துப் பெரிய காரியம் நடத்துவது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. சோற்றுக்கு அரிசி களையும்போது ஒரு கைப்பிடியைத் தனியே கலத்தில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கொண்டுபோகும் பிடி அரிசி வழக்கம் இந்தப் பக்கத்துப் பாட்டிமார் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத, பெண்ணின் கை அளந்து கொடுத்த காணிக்கை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகர்கோவிலில் மிஷனரி மனைவி மார்த்தா மால்ட் தொடங்கிய லேஸ் பள்ளியில் பின்னல் கற்ற பெண்கள், அந்தக் கூலியைக் கொண்டே அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்டதாக மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. வீடு வீடாக நடந்துபோய்க் கதை சொல்லியும் வாசித்துக் காட்டியும் வந்த பைபிள் பெண்களுக்கு மிஷன் சம்பளம் கொடுத்தது. நம்பிக்கையின் பெயரால் ஊர் சுற்றிக் கதை சொல்லி, அதற்குக் கூலியும் வாங்கிய பெண்ணை நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே இந்த ஊர் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறது. கேமராவோடு வருகிறவளை அவளுடைய பேத்தியாகப் பார்ப்பதில் என்ன கஷ்டம்?

கணக்குப் போட்டுக் காட்டாமல் ஆசையை மட்டும் சொல்வது நியாயமாகாது. ஓரிரவுக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நல்ல நாடகக் குழுவுக்கோ கானமேளாவுக்கோ அதைவிடக் கூடுதலாகக் கொடுத்துப் பழகிய கமிட்டிகளுக்கு இது பெரிய தொகையாக இராது. ஒரு பருவத்தில் 40 இரவு கிடைத்தால் 6 லட்சம். திரைக்கும் வண்டிக்கும் கூட வருபவர் கூலிக்கும் போக மூன்றரை, நான்கு லட்சம் மிஞ்சும். திரைப்படக் கழகத்தின் ஒன்றரைக் கோடிக்கு முன்னால் இது துளிதான். ஆனால் உள்ளூர் முகங்களை வைத்து, உள்ளூர் வீடுகளில், பத்துப் பேர் கொண்ட குழுவோடு ஒன்றேகால் மணி நேரப் படத்தை அந்தத் தொகையில் எடுக்க முடியும், அடுத்த பருவத்துக்கு அதே கமிட்டிகளிடம் புதுப் படத்தோடு போக முடியும். இதற்கு முன்னுதாரணங்கள் இருக்கின்றன. பீம்சிங் தொடங்கிய இயேசு படமான 'கருணாமயுடு' தெலுங்கில் 1978-இல் வெளியாகித் தியேட்டரில் ஓடி முடிந்த பிறகும், வண்டியில் புரொஜெக்டர் ஏற்றிய குழுக்கள் அதைக் கிராமம் கிராமமாகப் பல ஆண்டுகள் கொண்டுபோயின. இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ஒடேசா கூட்டமைப்பு கேரளக் கிராமங்களில் சனங்களிடம் சில்லறையாகத் திரட்டிய காசில்தான் 'அம்ம அறியான்' 1986-இல் உருவானது. அமெரிக்காவில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் 'தி சோசன்' தொடர், பார்க்கப்போகும் மக்களிடமே ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டி முதல் பருவத்தை எடுத்து, அதன் பலத்தில் அடுத்தடுத்த பருவங்களுக்குப் போனது. நாத்திகச் சாய்வுள்ள கலைஞனுக்கும் பக்திமானுக்கும் பலித்த வழி, பாறசாலைப் பெண்ணுக்குப் பலிக்காமல் போகக் காரணம் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வராது, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர் அனுப்பினால் வரும். கணக்கை முதல் நாளிலிருந்தே சுத்தமாக எழுதிவைப்பது நல்லது.

சமயப் படம் என்றால் பிரச்சாரம்தானே, அதைக் கலை என்று ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று கேட்பார்கள். பிரச்சாரப் படங்கள் நிறைய வருகின்றன, அவற்றில் பெரும்பாலானவை சலிப்பூட்டுகின்றன என்பதை ஒத்துக்கொள்கிறேன். முடிவைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற கதையைத் தேடுவதால் வரும் சலிப்பு அது. நம்பிக்கை உள்ளவருக்கு வாழ்க்கை அப்படி நேர்கோட்டில் போவதில்லை. மகனுக்காக ஒன்பது வாரம் நவநாள் சொல்லியும் மகனை இழந்த தாய் பத்தாவது வாரமும் கோவிலுக்குப் போகிறாளே, ஏன் போகிறாள்? பிரச்சாரத்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது, நம்பிக்கையே இல்லாதவருக்கு அந்தக் கேள்வி தோன்றுவதே அபூர்வம். உள்ளே இருந்துகொண்டே உண்மையாகப் பார்க்கும் கண் ஒன்று வேண்டும். கான் திரைப்பட விழாவில் 1974 முதல் திருச்சபைகளின் கூட்டு நடுவர் குழு ஆண்டுதோறும் பரிசு கொடுத்து வருகிறது. அந்தப் பரிசு பெற்ற படங்களில் வேதபோதனை செய்பவை அரிது, மனித மனத்தை ஆழ்ந்து பார்த்தவையே மிகுதி.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. காசு கொடுக்கும் கமிட்டி கதையிலும் கைவைக்கும். பாதிரியாரைத் தப்பாகக் காட்டாதே, தந்திரியைக் கேள்வி கேட்காதே, ஜாதியைப் பேசாதே, அந்தப் பெண் வேஷத்துக்கு எங்கள் செயலாளர் மகளைப் போடு என்று தொடங்கும். ரோசி மேல் கல்லெறிந்தவர்களும் ரசிகர்கள்தாமே, அந்தக் கூட்டத்தின் கையில் ஒரு பெண்ணின் பிழைப்பை ஒப்படைப்பதா? இந்தப் பயம் நியாயமானது. ஆகவேதான் தயாரிப்புச் செலவைக் கமிட்டிகளிடம் வாங்கக்கூடாது, திரையிடல் கட்டணத்தை மட்டும் வாங்க வேண்டும் என்று பிரித்துச் சொல்கிறேன். படம் முடிந்து, தணிக்கைச் சான்றிதழும் வாங்கிய பிறகே அவர்களிடம் போக வேண்டும். பொது இடத்தில் இலவசமாகக் காட்டினாலும் 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும், அதற்கான மண்டல அலுவலகம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. பிடிக்காத கமிட்டி புக் செய்யாமல் இருக்கலாம், வெட்டச் சொல்ல அதற்கு உரிமை இல்லை. ஒரே புரவலர் இருந்தால் அவர் முகம் சுளித்ததும் எல்லாம் முடிந்தது. நாற்பது மேடை இருந்தால் மூன்று மேடை மறுத்தாலும் முப்பத்தேழு மிஞ்சும். லத்தீன் பங்கும் சி.எஸ்.ஐ. சபையும் கோயில் கமிட்டியும் குடும்பஸ்ரீ கூட்டமும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு மனசு. ஒருத்தருக்கும் அடிமையாகாமல் இருக்க ஒருத்தி பலரிடமும் கொஞ்சம் கொஞ்சம் வாங்குவதைத் தவிர வேறு உபாயம் எனக்குத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், நோட்டீஸில் இயக்குநர் பெயர் அச்சாக வேண்டும். பூ அலங்காரமும் பாட்டுக்குழுவும் சமையலும் பெண்கள் செய்ய, கீழே ஆண் நிர்வாகிகளின் பெயர்கள் மட்டும் வரிசையாக அச்சாகிற நோட்டீஸ்களில் அது சின்ன மாற்றம் இல்லை.

மண்டைக்காட்டில் 1982-இல் நடந்த மதக் கலவரத்தையும் துப்பாக்கிச்சூட்டையும் மறந்துவிட்டுப் பேசாதீர்கள், சமயத்தைத் திரையில் ஏற்றினால் இந்தப் பகுதி மறுபடியும் எரியும் என்று அஞ்சுபவர்களும் உண்டு. அந்தத் துப்பாக்கிச்சூட்டின் தழும்பு எல்லையின் இருபுறமும் இன்னும் ஆறவில்லை, அதை இலேசாக எடுத்துக்கொள்பவர் இந்த மண்ணை அறியாதவர். ஆனால் பகையை மூட்டும் படக்காட்சிகள் இன்று யாருடைய மேடைக்காகவும் காத்திருப்பதில்லை, வாட்ஸ்அப்பில் பத்து நொடிக் காணொளியாக நள்ளிரவில் படுக்கையறைக்கே வந்துவிடுகின்றன. யார் எடுத்தது, எங்கே எடுத்தது என்று ஒன்றும் தெரியாது. ஊர்ப் பெண் ஒருத்தி தன் பெயரைப் போட்டு எடுத்து, ஊர் நடுவில் ஐந்நூறு பேர் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் படத்துக்கு அந்த முகமூடி கிடையாது. தப்பு இருந்தால் மறுநாள் காலை பால் வாங்க வரும்போதே கேட்பார்கள். இந்தப் பொறுப்பு அவளை நிதானமாக எடுக்க வைக்கும்.

எல்லாம் யூடியூபில் போட்டுவிடலாமே, மேடையும் கமிட்டியும் எதற்கு என்பது இளையவர்களின் கேள்வி. போடலாம், ஆயிரக்கணக்கான பக்திப் பாடல் ஆல்பங்கள் அங்கே கிடக்கின்றன. அவற்றில் எதை எடுத்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று நிமிடப் பாட்டுக்கு அந்த இடம் பொருந்தும். எழுபது நிமிடம் பொறுமையாக உட்கார வேண்டிய படத்தைச் சமையலுக்கும் பிள்ளைக்கும் நடுவே மொபைலில் பார்க்க முடியாது, அதற்கு வெளியே வந்து சேர்ந்து உட்கார ஒரு இரவு வேண்டும். திறமை இருந்தால் தானே மேலே வருவாள், பெண் என்று தனியாகத் தூக்கிவிடுவானேன் என்று கேட்பவர்களுக்குப் பொன்னம்மாளின் வயதே பதில். 81 வயது வரை அவருக்கு என்ன திறமை குறைந்திருந்தது? படப்பிடிப்புத் தளங்களில் பெண்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்ற இடமும்கூட இல்லாததை, மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் ஊரறியச் செய்தது. 2017-இல் அமைத்த குழு, 2019 கடைசியில் கொடுத்த அறிக்கை, அதை வெளியிடவே ஐந்தாண்டுக்குக் கொஞ்சம்தான் குறைவாகப் பிடித்தது. அப்படிப்பட்ட தளத்துக்குப் போய்த்தான் ஒருத்தி தன் திறமையைக் காட்ட வேண்டும் என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது. சொந்த ஊரில், தெரிந்த வீடுகளில், தானே வகுத்த நேரத்தில் எடுக்கும் படத்துக்கு வேறு எத்தனை குறை இருந்தாலும் அந்தப் பயம் குறைவு.

மகர மாதம் பிறப்பதற்கு முன்பே கமிட்டிகள் கூடிவிடும். பொருளாளர் கணக்குப் புத்தகத்தைத் திறந்து போன ஆண்டு கானமேளாவுக்கு எவ்வளவு, வெடிக்கு எவ்வளவு என்று வாசிப்பார், இந்த ஆண்டு யாரை அழைக்கலாம் என்று பேச்சு நடக்கும், நோட்டீஸ் அச்சகத்துக்குப் போகும். அந்தக் கூட்டங்களில் இப்போது பெண் உறுப்பினர்களும் உட்காருகிறார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து, ஏழாம் திருவிழா இரவை ஒரு படத்துக்கு ஒதுக்குங்கள், எடுத்தவள் நம் பக்கத்து ஊர்ப் பெண், தொகை இவ்வளவு, முன்பணத்தை இன்றைக்கே எழுதுங்கள் என்று கேட்க வேண்டும்.